சிறு விமானக் கம்பெனிகளும் குறைகட்டணப் போட்டியும்

பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பதும் நம் நாட்டுப் பழமொழியே. முன்னது வலியோனின் இயல்பைக் கூறுவது. பின்னது எளியோனின் பயனைக் கூறுவது. இவ்விரண்டும் எதிரெதிரே நின்று வழக்காடும் ஒரு விஷயத்தை இவ்வாண்டு மலரில் நேயர்கள்முன் வைக்கத் துணிகின்றோம். அது யாதெனில், சிறிய ஊர்களை இணைத்துப் பறக்கும் சிறு விமானக் கம்பெனிகள், குறைந்த கட்டணம் வாங்கும் பெருங் கம்பெனிகளோடு போட்டியிட்டு நிலைக்க முடியுமா, முடியுமெனின் எவ்வழியால் என்பதே.

ஆகாய விமானக் கம்பெனிகளின் வரவு செலவிற்கும் கலாசாலை மாணவர்க்கும் யாது சம்பந்தம் என்று சிலர் வினவலாம். சம்பந்தம் பெரிதும் உண்டு. நம் பழைய மாணவர்களிற் பலர் தூரதேசங்களிலும் தலைநகரங்களிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். அவர்களுடைய பெற்றோரோ சிற்றூர்களிலும் ஜில்லா நகரங்களிலும் முதுமையைக் கழிக்கின்றனர். தந்தைக்கு நோய் என்று செய்தி வந்தால், பெருநகர் வரையில் இரண்டு மணி நேரத்தில் பறந்து வந்த மகன், அங்கிருந்து சொந்த ஊர் சேர ஆறு மணி நேரம் மோட்டாரில் செல்ல நேரிடுகின்றது. அவ்வூருக்கு விமானம் உண்டா இல்லையா என்பது அப்பொழுது வெறும் வியாபாரக் கேள்வியன்று. நெசவாலை வைத்திருப்பவர், இயந்திரம் பழுது பார்ப்பவர், உயர்தர வைத்தியம் நாடுவோர், பரீட்சைக்குச் செல்லும் இளைஞர் ஆகிய பலருடைய காரியங்கள் இதனோடு பின்னிக் கிடக்கின்றன.

முதலாவது, குறைகட்டணக் கம்பெனி என்பது இன்னதென்று தெளிதல் வேண்டும். கட்டணம் குறைவு என்பது அதன் தர்மசிந்தையால் வந்ததன்று. செலவு குறைவு என்பதால் வந்தது. எல்லா விமானங்களும் பெரும்பாலும் ஒரே இனமாக இருக்கும். ஆகவே விமானிகளுக்கு ஒரே பயிற்சி, உதிரிச் சாமான்களுக்கு ஒரே கிடங்கு. உணவு, மூட்டை, விருப்பமான இருக்கை யாவும் தனி விலைக்கு விற்கப்படும். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம் என்று கருதி, இறங்கிய அரைமணிக்குள் அதனை மறுபடியும் ஏற்றிவிடுவர். இம்முறைக்கு வழிகாட்டியது அமெரிக்காவின் டெக்ஸாஸ் இராஜ்யத்தில் 1971-ம் வருஷம் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் கம்பெனி. அது 1972-ல் பணமுடையால் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கு செய்த வேலையை மூன்றைக் கொண்டு செய்ய வேண்டிய நெருக்கடியில், பத்து நிமிஷத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தை அது கண்டுபிடித்தது. வறுமையில் கற்ற பாடமே பிற்காலத்தில் உலகெங்கும் வல்லமையின் இரகசியமாயிற்று.

இங்கே ஒரு வியப்பைக் குறித்தல் வேண்டும். இன்று பெருமீன்களாக உலவும் குறைகட்டணக் கம்பெனிகளிற் சில, சிறு மீன்களாகவே பிறந்தன. ஐரோப்பாவின் மிகப் பெரிய குறைகட்டணக் கம்பெனியாகிய ரயனேர், 1985-ல் அயர்லாந்தின் வாட்டர்போர்டு என்னும் சிறு நகரிலிருந்து லண்டனுக்கு அருகேயுள்ள காட்விக்குக்கு 15 பேர் அமரும் சிறு விமானம் ஒன்றைச் செலுத்தித் தொடங்கியது. நம் தேசத்தில் குறைகட்டண விமானத்திற்கு முன்னோடியான ஏர் டெக்கான், காப்டன் கோபிநாத் அவர்களால் நிறுவப்பெற்று, 2003-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரையும் ஹூப்ளியையும் இணைத்து, சுழல்விசிறி பூண்ட ஏ.டி.ஆர். சிறு விமானங்களோடு புறப்பட்டது. தமிழ்ப் படமாகிய ‘சூரரைப் போற்று’ (2020) இவருடைய வாழ்க்கையைத் தழுவி எழுந்ததென்பதை மாணவர் அறிவர். ஆனால் வளர்ந்தபின் நடந்தது என்ன? ரயனேரைப் பெற்றெடுத்த வாட்டர்போர்டு நகரம் 2016-ல் தனக்கிருந்த கடைசிப் பிரயாண விமான சேவையையும் இழந்தது. ஏணியில் ஏறியவர் மேலே நிற்கின்றார். ஏணி சாய்ந்து கிடக்கின்றது. போட்டி என்பதன் முழுக் கதையும் இவ்வொரு காட்சியில் அடங்கியிருக்கின்றது எனலாம்.

இனி, சிறு கம்பெனி ஏன் தோற்கின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெரிய கம்பெனிகள் செலுத்தும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 186 இருக்கைகள் வரை அமைப்பர். அதை ஓட்ட விமானிகள் இருவர். சிறு ஊர்களுக்குச் செல்லும் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் ஏறக்குறைய 72 இருக்கைகள். அதற்கும் விமானிகள் இருவர். 19 இருக்கையுள்ள டோர்னியர் 228 விமானத்திற்கும் பிரயாணிகளோடு பறக்கையில் இருவர் வேண்டும். ஆகவே ஒரு விமானியின் சம்பளத்தைப் பெரிய விமானத்தில் 93 இருக்கைகள் தாங்குகின்றன. நடுத்தர விமானத்தில் 36 இருக்கைகள் தாங்குகின்றன. சிறியதில் ஒன்பதரை இருக்கைகளே தாங்குகின்றன. இது சம்பளத்திற்கு மட்டுமன்று. காரியாலயச் செலவு, பரிசோதனைச் செலவு, சர்க்கார் அநுமதிச் செலவு யாவற்றிற்கும் ஏறக்குறையப் பொருந்தும். இருக்கைக்கு இருக்கை ஒப்பிட்டால், சிறு விமானத்தின் டிக்கெட் பெரியதைவிட மலிவாக இருத்தல் இயலாத காரியம். எனவே, சிறு கம்பெனி கட்டணப் போட்டியில் இறங்குவது, மாட்டு வண்டி மெயில் வண்டியோடு ஓட்டப் பந்தயம் வைத்துக் கொள்வதை ஒக்கும்.

இதற்குமேல் வேறு சில இடையூறுகளும் உள. இரண்டொரு விமானங்களே உள்ள கம்பெனியில் ஒன்று பழுதுபட்டால் பாதி வியாபாரம் நின்றுவிடும். நூற்றுக்கணக்கில் வைத்திருப்பவர்க்கு ஒன்று பழுதுபட்டால் வேறொன்று வந்து நிற்கும். ஒரு நாள் விமானம் வராத ஊரில், மறுநாள் டிக்கெட் வாங்க ஜனங்கள் அஞ்சுவர். சிறு கம்பெனி தன் செலவில் பழக்கிய விமானியைப் பெரிய கம்பெனி மிகுந்த சம்பளம் காட்டி அழைத்துக் கொள்ளும். பெரிய விமானம் ஓட்ட வேண்டுமென்னும் ஆசை இளைஞர்க்கு இயற்கையே. மும்பை, டில்லி போன்ற நெருக்கடியான நிலையங்களில் காலையிலும் மாலையிலும் இறங்குதற்குரிய நல்ல நேரங்கள் முன்வந்தோர் கையில் சிக்கியுள்ளன. பின்வந்தோர்க்கு உச்சிவேளையே மிச்சம். உச்சிவேளையில் தலைநகர் சேரும் விமானம், கோர்ட்டு வேலைக்கும் ஆபீசு வேலைக்கும் உதவாது. விமானங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை. வாடகையோ டாலரில் கொடுப்பது. இரண்டு மாதம் தவணை தவறினால் உடையவர் வந்து விமானத்தைப் பிடித்துக் கொள்வார். விமானமில்லாத விமானக் கம்பெனிக்கு மீதியிருப்பது பெயர்ப்பலகை ஒன்றே.

இக்கூற்றுக்குச் சாட்சி தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. சர்க்காரே சிறு ஊர்களுக்கென 1981-ல் தொடங்கிய வாயுதூத் 1993-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு கரைந்தது. தனியார் கம்பெனிகளுள் தமிழ்நாட்டில் வேர்கொண்ட பாராமவுண்ட், 2005-ல் 80-க்குக் குறைந்த இருக்கைகளுள்ள எம்ப்ரேயர் விமானங்களோடு தொடங்கி, உயர்தரப் பிரயாணிகளிடையே நற்பெயர் பெற்றும், விமான வாடகைத் தகராறுகளில் சிக்கி 2010-ல் நின்றது. பெங்களூரின் ஏர் பெகாசஸ் 2015-ல் எழுந்து 2016-ல் வீழ்ந்தது. ஆந்திரத்து ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரையே வாழ்ந்தது. கோயம்புத்தூரில் 2016-ல் பிறந்த ஏர் கார்னிவல் மறுவருஷமே மூச்சடங்கியது. சிறு ஊர்களுக்குப் பறந்த ட்ரூஜெட் 2015-ல் தோன்றி 2022-ல் நின்றது. இங்கிலாந்தில், தன்னாட்டிற்குள் எண்ணற்ற சிறு வழிகளை நடத்திய ப்ளைபீ 2020 மார்ச்சில் முறிந்தது. 2022-ல் மீண்டும் எழுந்து, 2023 ஜனவரியில் மறுபடியும் முறிந்தது. இவ்வரிசை ஒரு தேசத்தாரின் சாமர்த்தியக் குறைவைக் காட்டுவதன்று. தொழிலின் இயல்பையே காட்டுகின்றது.

நமக்கு அண்மையிலுள்ள இரண்டு உதாரணங்களைச் சற்று விரித்துக் கூறுவோம். சேலம் நகரம் எஃகாலைக்கும், நெசவுக்கும், ஜவ்வரிசிக்கும் பெயர் பெற்றது. அதன் விமான நிலையம் பல ஆண்டுகள் ஓய்ந்து கிடந்தது. 2018-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ட்ரூஜெட் கம்பெனி சென்னைக்கும் சேலத்திற்கும் இடையே ஏ.டி.ஆர். விமானம் விட்டது. சேலத்து ஓடுபாதை ஏறக்குறைய 1,800 மீட்டர் நீளமே. பெரிய விமானங்களுக்கு அது போதுமானதன்று. பஸ்ஸிலும் இரயிலிலும் ஐந்தாறு மணி நேரம் கழித்தவர்கள் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தனர். கொரோனாக் காலத்து நெருக்கடியும் கம்பெனியின் பணமுடையும் சேர 2021-ல் அச்சேவை நின்றது. ஈராண்டுகளுக்கு மேலாக ஊர் மறுபடியும் விமானமின்றி இருந்தது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூர், கொச்சி வழிகளிலும், இண்டிகோ சென்னை வழியிலும் சேலத்திற்கு வந்தன. சிறு கம்பெனி காட்டைத் திருத்தி விதைத்தது. விளைவு கண்டபின் பெருங் கம்பெனி அறுவடைக்கு வந்தது.

யாழ்ப்பாணத்து வழியும் அத்தகையதே. போரினால் பல்லாண்டு அடைபட்டிருந்த பலாலி நிலையம் 2019-ல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட, அவ்வருஷம் நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து அங்குச் சென்றது. தொற்று நோயால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. கடலுக்கு அக்கரையிலும் இக்கரையிலும் உறவினரை உடைய குடும்பங்களுக்கு அது எத்துணை உபகாரமாயிருந்தது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. வழி தேறிற்று என்று கண்டபின், 2024 செப்டம்பரில் இண்டிகோவும் அதே வழியில் புறப்பட்டது. இங்கே நாம் கவனிக்கவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. ஏர்பஸ் ஒன்றையே செலுத்திவந்த இண்டிகோ, 2017 டிசம்பர் முதல் ஏ.டி.ஆர். விமானங்களையும் செலுத்தத் தொடங்கியது. அதுவரையில் சிறிய ஓடுபாதை சிறு கம்பெனிக்குக் கோட்டைச் சுவராயிருந்தது; பெரியவர் சிறு விமானம் வாங்கிய அன்றே அச்சுவரில் வாயில் திறந்தது. எண்பதுக்குக் குறைந்த இருக்கையுள்ள விமானங்களுக்கு நம் தேசத்தில் அளிக்கப்பட்டுவந்த இறங்குகூலி விலக்கும், நாற்பதினாயிரம் கிலோ எடைக்குட்பட்ட விமானங்களுக்குரிய எரிபொருள் வரிச் சலுகையும், விமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்டனவேயன்றிக் கம்பெனியைப் பார்த்துக் கொடுக்கப்பட்டனவல்ல என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அங்ஙனமாயின் சிறு கம்பெனிக்கு வாழ்வே இல்லையோ எனின், உண்டு என்றே சொல்வோம். ஆனால் அது கட்டணச் சந்தையில் இல்லை. எங்கே இருக்கின்றதென்பதை வாழ்ந்து காட்டியவர்களைக் கொண்டே அறியலாம்.

முதல் வழி, பெரியவர் வரமாட்டாத இடத்தை நாடுதல். இலட்சத்தீவின் அகத்தித் தீவில் ஓடுபாதை ஏறக்குறைய 1,200 மீட்டரே, இருபுறமும் கடல். அங்கே ஏர்பஸ் இறங்க முடியாது; கொச்சியிலிருந்து ஏ.டி.ஆர். இறங்குகின்றது. கோவாவில் 2024 மார்ச்சில் தொடங்கிய ப்ளை91 என்னும் புதிய கம்பெனி அகத்தியையும், ஜள்காவ், சிந்துதுர்க் போன்ற சிற்றூர்களையும் தன் முதற் களமாகத் தெரிந்து கொண்டது. ஸ்காட்லாந்தின் வடக்கே, வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரண்டு தீவுகளுக்கிடையே, 1962-ல் நிறுவப்பட்ட லோகனேர் கம்பெனி நடத்தும் விமான சேவை உலகிலேயே மிகக் குறுகியது. தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. பிரயாணம் இரண்டு நிமிஷம். நம் ஊர்களில் பெரிய பஸ் நுழையாத சந்துகளில் மினி பஸ் பிழைப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோமன்றோ? தத்துவம் அதுவே.

இரண்டாவது வழி, தலைநகரைச் சுற்றாமல் ஊரோடு ஊரை நேரே இணைத்தல். குறைகட்டணக் கம்பெனியின் மலிவு டிக்கெட்டு பெரும்பாலும் பெருநகரிலிருந்து பெருநகருக்கே. இடைநகரத்து வியாபாரி அங்கே போய் இறங்கி, நான்கு மணி நேரம் காத்திருந்து, மற்றொரு விமானம் ஏறவேண்டும். 2019-ல் தொடங்கிய ஸ்டார் ஏர், 50 இருக்கையுள்ள எம்ப்ரேயர் ஜெட் விமானங்களைக் கொண்டு பெலகாவி, ஹூப்ளி, கலபுரகி முதலிய ஊர்களைத் தன் நிலைக்களமாக்கி, முன்பு நேர்வழி இல்லாத இடங்களுக்கு நேர்வழி வகுத்தது. பின்னர் 76 இருக்கையுள்ள விமானங்களையும் சேர்த்தது. இத்தகைய பிரயாணி மலிவை வாங்குபவனல்லன். தன் நாளை வாங்குபவன். ஒரு பகலை மிச்சப்படுத்துவதற்கு அவன் சற்று அதிகம் கொடுக்கச் சம்மதிப்பான். ஆனால் காலையில் சென்று மாலையில் திரும்ப நேரம் அமைந்தால்தான் அவன் வருவான். வாரத்தில் மூன்று நாள் மட்டும் பறக்கும் விமானம் அவனுக்குப் பயன்படாது. ஆகவே பத்து ஊர்களுக்கு வாரம் மும்முறை செல்வதினும், மூன்று ஊர்களுக்கு நாள்தோறும் இருமுறை செல்வது மேல் என்பது நமது அபிப்பிராயம்.

மூன்றாவது வழி, பெரியவரோடு பகையாமல் உறவாடுதல். அமெரிக்காவில் ஸ்கைவெஸ்ட் போன்ற கம்பெனிகள் தங்கள் பெயரை முன்னிறுத்தாமல், பெருங் கம்பெனிகளின் வர்ணம் பூசிய விமானங்களைக் கூலி ஒப்பந்தத்தின்பேரில் செலுத்துகின்றன. சிறு ஊர்ப் பிரயாணியைப் பெரிய நிலையத்திற்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அவற்றின் தொழில். ஒரே டிக்கெட்டில் மூட்டையும் முடிவூர் வரை போகும். ஆற்றுக்கு ஓடை எப்படியோ அப்படி. ஓடை வற்றினால் ஆறும் மெலியும் என்பதை உணர்ந்த பெருங் கம்பெனி, ஓடையைத் தூர்க்க நினையாது. எனினும் ஆற்றை நம்பிய ஓடைக்கு ஆறே எஜமானாகும் அபாயமும் இதில் உண்டென்பதை மறைத்தல் கூடாது.

நான்காவது வழி, அடக்கம். சிறு கம்பெனிகளைக் கொன்றது பகைவர் மட்டுமல்லர், ஆசையும் கொன்றது. ஒரு வழியில் நாலு காசு கண்டவுடன், பெரிய விமானம் வாங்கித் தலைநகர்ப் போட்டியில் குதித்தவர் பலர். ஏர் டெக்கான் தன் சிறு ஊர்களோடு நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் ஊகிக்க விரும்பவில்லை. ஆயினும் ஒரு ரூபாய் டிக்கெட்டு என்று நாடே வியக்க வளர்ந்து, நஷ்டம் தாங்காமல் கிங்பிஷரிடம் சேர்ந்து, அந்தக் கிங்பிஷரும் 2012-ல் நின்றது என்பது சரித்திரம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்னும் பழமொழியை இத்தொழிலில் இறங்குவோர் தம் காரியாலயச் சுவரில் எழுதி வைத்தல் தகும்.

இவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும், சில வழிகள் எக்காலத்தும் இலாபம் தரா. மலைநாடு, தீவு, எல்லைப்புறம் ஆகிய இடங்களில் பிரயாணிகள் சிலரே. அங்கே சர்க்கார் உதவி இன்றி விமானம் இல்லை. நம் தேசத்தில் இதற்கென ஏற்பட்டது உடான் திட்டம். 2017-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி சிம்லாவிலிருந்து டில்லிக்கு இதன் முதல் விமானம் புறப்பட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணத்திற்குப் பாதி இருக்கைகளின் கட்டணம் 2,500 ரூபாய் என்று வரம்பிடப்பட்டது. அதனால் வரும் குறைவை மூன்று வருஷங்களுக்குச் சர்க்கார் ஈடு செய்யும். அம்மூன்று வருஷங்களும் அவ்வழி அந்தக் கம்பெனிக்கே தனியுரிமை. எண்ணம் மிக உயர்ந்தது. விளைவு எத்தகையது? இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் மூன்று சுற்றுகளில் ஒப்படைக்கப்பட்ட 774 வழிகளில் 403 வழிகள் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் 112 மட்டுமே சலுகைக்காலம் முழுவதும் நடந்தன. சலுகைக்காலம் கழிந்தபின்னும், 2023 மார்ச்சில் நடந்துவந்தவை 54 மட்டுமே. நூற்றுக்கு ஏழு! பயிர் வைத்தவன் நூறு நாற்றில் ஏழு பிழைத்தது என்றால், நாற்றைப் பழிப்பதற்கு முன் நிலத்தையும் நீரையும் பார்ப்பானன்றோ?

நமது கருத்தில் குறை மூன்று இடங்களில் இருக்கின்றது. முதலாவது, எல்லா வழிக்கும் ஒரே மருந்து கொடுத்தது. சேலம் போன்ற தொழில் நகரத்திற்கு மூன்று வருஷத் தாங்கல் போதும். பின்பு அது தன் காலில் நிற்கும். தீவுக்கும் மலைக்கும் அது போதாது. அங்கே உதவி நிரந்தரமாக வேண்டும். நார்வே தேசத்தில், ஏறக்குறைய 800 மீட்டர் ஓடுபாதைகளையுடைய கடலோரச் சிற்றூர்களுக்கு இன்ன நாளில் இத்தனை முறை, இன்ன கட்டணத்திற்குள் என்று சர்க்கார் நிபந்தனை வகுத்து, டெண்டர் கோரி, குறைந்த உதவித்தொகை கேட்பவரிடம் வழியை ஒப்படைக்கின்றது. காலம் முடிந்ததும் மறுபடியும் டெண்டர். 1934-ல் பிறந்த விடரோ கம்பெனி இம்முறையால் நீண்ட காலம் தழைத்தது. அமெரிக்காவிலும் 1978-ல் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டபொழுதே, சிற்றூர்கள் கைவிடப்படலாகாதென்று உதவித்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டு இன்றளவும் நடக்கின்றது. இரண்டாவது குறை, விமானத்திற்கு உதவிவிட்டு நிலையத்தை மறந்தது. ஓடுபாதையும், தீயணைப்பும், இரவு விளக்கும் ஆயத்தமாகாத ஊருக்கு வழி ஏலம் விட்டு யாது பயன்? மூன்றாவது, தலைநகர நிலையங்களில் நல்ல நேரம் ஒதுக்காதது. சிற்றூர் விமானத்திற்குக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் இறங்குநேரம் ஒதுக்குவது, பணம் கொடுப்பதினும் பெரிய உதவியாகும். சர்க்கார் பொக்கிஷத்திற்கும் அதனால் அதிகச் செலவில்லை.

நாம் கூறுவதற்கு எதிராக ஒரு நியாயம் உண்டு. அதைக் கேளாமல் விடுவது நேர்மையன்று. சிறு கம்பெனி போய்ப் பெருங் கம்பெனி வந்தால் ஊருக்கு நஷ்டம் என்ன? விமானம் வருகின்றது, கட்டணமும் குறைகின்றது, பழுதுபட்டால் மாற்று விமானமும் உண்டு, சேலத்தாருக்கு வேண்டுவது விமானமே தவிர, அதன் வாலில் எழுதிய பெயரன்று என்பர். இவ்வாதத்தில் உண்மை பெரும்பங்கு உண்டென ஒப்புக் கொள்கின்றோம். சிறியது என்ற ஒரே காரணத்திற்காக எந்த வியாபாரத்தையும் பொதுப்பணம் கொண்டு காப்பாற்றுதல் நியாயமாகாது. காக்கவேண்டியது கம்பெனியையன்று, வழியையே.

ஆயினும் அவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகின்றது. பெருங் கம்பெனிக்குச் சிற்றூர் வழி பல நூறு வழிகளில் ஒன்று. விமானம் பற்றாக்குறையானால் முதலில் வெட்டுப்படுவது அதுவே. சிறு கம்பெனிக்கோ அவ்வழியே ஜீவநாடி. மேலும், தேசத்தின் உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் ஒரே கம்பெனியை நம்பியிருக்கும் நிலை எத்தகையது என்பதை 2025 டிசம்பர் முதல் வாரம் காட்டியது. விமானிகளின் ஓய்வு பற்றிய புது விதிகளுக்கு ஏற்ற ஆள் ஏற்பாடு இன்மையால் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாக, நிலையங்களில் ஜனங்கள் மூட்டைகளோடு தவித்தனர்; தாவிச் செல்ல வேறு கிளை இல்லை. ஒற்றைத் தூணில் கூரையை நிறுத்தியவன் அத்தூணின் வலிமையைப் புகழலாம். அது ஆடும் நாளில் புகழ் உதவாது. நார்வேயிலும், குறைகட்டணக் கம்பெனியாகிய நார்வீஜியன் 2024 ஜனவரியில் விடரோவையே விலைக்கு வாங்கிக் கொண்டது. விழுங்கும் மீன் சின்ன மீனின் அருமையை அறிந்தே விழுங்கிற்று. அங்கே ஊர்களைக் காப்பது எஜமானரின் நல்லெண்ணமன்று. யார் எஜமானராயினும் கட்டுப்படுத்தும் ஒப்பந்த நிபந்தனையே. நம் தேசமும் கற்கவேண்டிய பாடம் அதுவே எனத் துணிந்து கூறுவோம்.

இறுதியாக, பிரயாணிகளாகிய நமக்கும் ஒரு சொல். ஊருக்கு விமானம் வேண்டுமென்று மகஜர் எழுதுவோர் நூறு பேர். வந்தபின் அதில் ஏறுவோர் பத்துப் பேர். இருநூறு ரூபாய் மிச்சம் என்று பக்கத்துப் பெருநகருக்கு மோட்டாரில் சென்று அங்கே மலிவு விமானம் ஏறிவிட்டு, நம் ஊர் நிலையம் பூட்டப்பட்ட நாளில் சர்க்காரை வைதல் எவ்வகை நியாயம்? ஊரிலுள்ள தொழிற்சாலைகளும், ஆஸ்பத்திரிகளும், கலாசாலைகளும் ஒன்றுகூடி, வருஷத்திற்கு இத்தனை டிக்கெட் நாங்கள் எடுப்போம் என்று முன்கூட்டி உறுதி கொடுத்தால், சிறு கம்பெனிக்கு அது எந்த மானியத்தினும் மேலான பலமாகும். மழை வேண்டுவோர் ஏரிக்கரையையும் பலப்படுத்த வேண்டும்.

1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் ஒரு சிறு விமானத்தில் கடிதப் பைகளோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். அத்தபால் பம்பாயிலிருந்து பல்லாரி வழியாக நம் சென்னையை வந்தடைந்தது. இத்தேசத்தின் வானவழி வாணிகம் அவ்வளவு சிறியதாகவே தொடங்கியது. நம் கலாசாலையில் கணக்கியலும் பொருளாதாரமும் இயந்திர நூலும் கற்கும் இளைஞரில் சிலர் நாளை இத்துறையில் புகக்கூடும். சிலர் சர்க்கார் மேஜைகளில் அமர்ந்து திட்டம் வகுக்கவும் கூடும். அவர்கள் இரண்டை மறவாதிருப்பாராக. சிறியவன் பெரியவனைப்போல் நடக்க முயன்றால் கெடுவான். தன் இடமறிந்து நின்றால் வாழ்வான். சிற்றூரின் மக்களும் இத்தேசத்தின் மக்களே. அவர்களுக்குரிய வழி, சந்தையின் இரக்கத்தை மட்டும் நம்பித் திறக்கவும் மூடவும் கூடிய கதவாக இருத்தலாகாது.